பெட்டிக்குள் ஒரு கொத்து கறிவேப்பிலை

இந்த வாரம் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. ஒரு இலையைப் பற்றித்தான் பேசப்போறேன். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறோமே, அந்த இலை.

முதலில் ஒரு வாக்குமூலம். 2009ஆம் ஆண்டு. எங்க அக்கா தெற்குக் கலிபோர்னியாவில் குடியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் முதல் தடவையாக அவளைப் பார்க்கக் கிளம்புகிறேன். போன்ல அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வேற எதுவும் வேண்டாம்டா. அம்மாகிட்ட சொல்லி நம்ம கொல்லைக் கறிவேப்பிலை கொண்டு வா. முடிஞ்சா கன்னும் கொண்டு வா."

அம்மா ஒரு பெரிய கொத்தை ஈரத்துணியில் சுற்றி, அதைப் பேப்பரில் சுற்றி, பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்தார். மரத்தடியிலிருந்து மூன்று சின்னக் கன்றுகளைப் பெயர்த்து, வேரில் ஈரப்பஞ்சு வைத்து பிளாஸ்டிக் பையால் கட்டினார். அதை ஒரு காலுறைக்குள் உருட்டி ஷூவுக்குள் திணித்தவன் நான். விமானத்தில் கொடுத்த படிவத்தில் செடி, விதை, உணவு ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்டிருந்தது. "இல்லை" என்று போட்டேன்.

இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறந்தார்கள். அதிகாரி புடவையைப் பிரித்தார், கொத்தை எடுத்தார், முகர்ந்துகூடப் பார்க்காமல் குப்பைத்தொட்டியில் போட்டார். எச்சரித்து அனுப்பினார். எனக்கு வந்த கோபம் இருக்கே! ஏதோ கஞ்சாவைப் பிடித்த மாதிரி பண்றாங்களே என்று அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புலம்பினேன். ஆனால் ஷூவை அவர்கள் பார்க்கவில்லை. மூன்று கன்றில் ஒன்று பிழைத்துக்கொண்டது.

அந்தக் கோபம் தீர எனக்குப் பல வருஷம் ஆயிற்று. தீர்த்து வைத்தது சரித்திரம்தான். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நம்ம ஊரில் கறிவேப்பிலையை யாரும் "வளர்ப்பது" கிடையாது. அது இருக்கும், அவ்வளவுதான். கிணற்றடியில், பாத்திரம் துலக்குகிற இடத்துக்குப் பக்கத்தில், கழுநீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில். குயில் பழத்தைத் தின்றுவிட்டு எங்கேயோ போய் விதையைப் போடும், அது முளைக்கும். தாய் மரத்தின் வேரிலிருந்தும் கன்று வந்துகொண்டே இருக்கும். வளர்ச்சி மந்தமாக இருந்தால் புளித்த மோரை ஊற்றுவார்கள். பக்கத்து வீட்டு மாமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ரெண்டு ஈர்க்கு கொடேன்" என்றால் இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. காய்கறிக் கடையில் இதற்குக் காசு வாங்க ஆரம்பித்தபோது எங்க பாட்டி அடைந்த அதிர்ச்சியை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த உறவு ரொம்பப் பழசு. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஒரு விருந்து வருகிறது. மாதுளங்காய், வெண்ணெய், மிளகு, அவற்றோடு கஞ்சகத்தின் வாசனையான இளந்தளிர். கஞ்சகம் என்றால் கறிவேப்பிலை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். அங்கே மிளகுக்கு வருகிற சொல் "கறி". மிளகாய் இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னாடியே இந்த இலை நம்ம அடுப்படிக்கு வந்துவிட்டது.

சரி, உலகத்துக்கு இது எப்படித் தெரிந்தது? இங்கேதான் எங்க ஊர்ப் பக்கத்துக் கதை வருகிறது. நான் பிறந்தது மயிலாடுதுறைப் பக்கம். அங்கிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தரங்கம்பாடி. 1620லிருந்து 1845 வரை டென்மார்க்காரர்கள் வைத்திருந்த ஊர். அங்கே இருந்த மிஷனுக்கு மருத்துவராக 1768இல் ஒருவர் வந்து சேர்ந்தார். பெயர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் பகுதியில் பிறந்தவர். எல்லா உயிர்களுக்கும் இரட்டைப் பெயர் வைக்கிற முறையைக் கொண்டுவந்தாரே ஸ்வீடனின் லின்னேயஸ், அவருடைய மாணவர்.

கோனிக் இந்தப் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து, காயவைத்து, குருநாதருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு பெர்கெரா கோனிகி என்று பெயர் வைத்தார். 1825இல் ஸ்ப்ரெங்கல் என்பவர் அதை முர்ராயா கோனிகி என்று மாற்றினார். இப்போது தாவரவியலாளர்களில் பலர் மறுபடியும் பழைய பெயருக்கே போகிறார்கள். முன் பெயர் எது ஆனாலும் கோனிகி மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தரங்கம்பாடி டாக்டர் நம்ம ரசத்தில் மிதந்துகொண்டுதான் இருக்கிறார்!

இந்தப் பெயர் வைக்கிற வேலையில் ஒரு முக்கியமான விஷயம் வெளியே வந்தது. கறிவேப்பிலைக்கும் வேப்பமரத்துக்கும் நெருங்கிய உறவு கிடையாது. இலையின் சாயலைப் பார்த்து நாம் வைத்த பெயர் அது. உண்மையில் இது எலுமிச்சை, நார்த்தை, ஆரஞ்சு, வில்வம் இவற்றின் குடும்பம். கறிவேப்பிலையின் பிஞ்சுப் பழத்தை நசுக்கி முகர்ந்து பாருங்க, கொஞ்சம் எலுமிச்சை வாடை வரும். இந்த உறவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வேண்டியிருக்கும்.

இப்போ இந்தச் செடியை எடுத்துக்கொண்டு குளிர்நாட்டுக்குப் போனால் என்ன ஆகும்? கொத்தமல்லியாக இருந்தால் கவலை இல்லை. அதற்குக் குளிர்ச்சி பிடிக்கும். சென்னையில் மே மாதம் விதைத்தால் நாலு இலை விடுவதற்குள் பூத்துவிடும், லண்டன் வசந்தத்தில் விதைத்தால் புதர் மாதிரி வரும். புதினாவைச் சொல்லவே வேண்டாம், பிடுங்கி எறிந்தாலும் வரும். கறிவேப்பிலை அப்படி இல்லை. வெப்பம் 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் வளர்வதை நிறுத்திவிடும். உறைபனி பட்டால் செத்துப்போகும்.

ஐரோப்பாவின் பணக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இதே குடும்பத்துப் பெரியண்ணனான ஆரஞ்சோடு வந்தது. பதினான்காம் லூயி மன்னனுக்கு ஆரஞ்சு மரம் என்றால் உயிர். வெர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் நடுவில் மான்சார் என்ற கட்டடக் கலைஞர் ஆரஞ்சு மரங்களுக்காகவே ஒரு மாளிகை கட்டினார். தெற்குப் பார்த்த உயரமான ஜன்னல்கள், பிரம்மாண்டமான சுவர்கள். மரமெல்லாம் பெட்டித் தொட்டியில். மே மாதம் வெளியே கொண்டுவந்து அடுக்குவார்கள், அக்டோபரில் திரும்ப உள்ளே. இன்றைக்கும் அப்படியே நடக்கிறது.

டொரோண்டோவில் இருக்கிற என் நண்பன் வீட்டில் மூன்று கறிவேப்பிலைத் தொட்டிகள் இருக்கின்றன. அவனுடைய பஞ்சாங்கமும் இதேதான். மே மாதக் கடைசியில் பால்கனி, செப்டம்பர் முடிவதற்குள் வரவேற்பறையின் தெற்கு ஜன்னல். பதினான்காம் லூயிக்கு ஆட்கள் இருந்தார்கள், இவன் தானே தூக்குகிறான், முதுகுவலி என்கிறான். அவனிடம் கற்ற பாடம் ஒன்று. நவம்பரில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டும். பார்க்கிறவர்கள் பதறிப்போய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். குளிரில் தூங்குகிற செடி அந்தத் தண்ணீரை எடுக்காது, வேர் அழுகிவிடும். பாதிச் செடிகள் குளிரில் சாவதில்லை, பாசத்தில் சாகின்றன. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாக ஊற்றிவிட்டு மொட்டைக் குச்சியைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மார்ச், ஏப்ரலில் தளிர் வரும்.

இவ்வளவு பாடு எதற்கு, காய்ந்த இலையை வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ந்தால் இதன் வாசனை போய்விடும். ரோஸ்மேரி, தைம் மாதிரி ஜாடியில் வைத்துக் காலம் தள்ளுகிற இலை இல்லை இது. விதையை அனுப்பலாமே என்றால், அதுவும் நடக்காது. இதன் விதையைக் காயவைத்தால் உயிர் போய்விடும், பழுத்த சூட்டோடு மண்ணில் போட வேண்டும். இலை காயக்கூடாது, விதையும் காயக்கூடாது. ஆக, கறிவேப்பிலை கடல் தாண்ட வேண்டுமென்றால் பச்சையாக, உயிரோடுதான் போக வேண்டும். என் ஷூவுக்குள் போன மாதிரி. பிரச்சினை தொடங்குகிற இடம் இதுதான்.

உயிருள்ள செடியைத் தூரதேசம் அனுப்புவது ஒரு காலத்தில் ரொம்பக் கஷ்டம். கப்பலில் உப்புக்காற்று பட்டே செத்துப்போகும். இதற்கு வழி கண்டவர் நத்தானியல் பாக்ஷா வார்ட் என்ற லண்டன் டாக்டர். நகரத்துப் புகையில் அவர் வீட்டில் ஒரு பெரணிச் செடிகூடப் பிழைக்காது. 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சி வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பார்த்தால், மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருக்கின்றன! மூடிய கண்ணாடிக்குள் அந்த ஈரமே திரும்பத் திரும்பச் சுழல்கிறது என்று புரிந்துகொண்டார். 1833இல் கண்ணாடிப் பெட்டிகளில் செடி வைத்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். மாதக்கணக்கில் பயணம் செய்து பிழைத்துப் போய்ச் சேர்ந்தன. பிறகு சீனத்துத் தேயிலைக் கன்று இமயமலைக்கு வந்ததும் இந்த மாதிரிப் பெட்டியில்தான்.

ஆனால் பாருங்க, முதல் புட்டியிலேயே உள்ளே இருந்தது என்ன? ஒரு பூச்சி. செடி பிழைக்கிற பெட்டிக்குள் மண்ணில் இருக்கிற புழுவும் முட்டையும் பூஞ்சையும் சேர்ந்தே பிழைக்கும். அதுவரை கடலே ஒரு காவல்காரனாக இருந்தது. அந்தக் காவலை இந்தப் பெட்டி தாண்டிவிட்டது.

அமெரிக்கா இதை உணர்ந்த விதம் கொஞ்சம் நாடகம் போல இருக்கும். 1910 ஜனவரி. டோக்கியோ நகரம் நட்புக்கு அடையாளமாக அனுப்பிய 2,000 செர்ரி மரக்கன்றுகள் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தன. விவசாயத்துறை ஆட்கள் சோதித்தார்கள். வேரில் நூற்புழு, தண்டில் துளைப்பான், மேலே செதில்பூச்சி. ஒரு நாடு கொடுத்த பரிசை என்ன செய்வது? ஜனாதிபதி டாஃப்டின் ஒப்புதலோடு ஜனவரி 28ஆம் தேதி அந்த மரங்களை எரித்தார்கள். ஜப்பானியர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, 1912இல் சுத்தமான 3,020 கன்றுகளை அனுப்பினார்கள். அதே 1912 ஆகஸ்டில் செடிகளைத் தடுத்துச் சோதிக்கிற சட்டம் அமெரிக்காவில் வந்தது. எனக்கு விமானத்தில் கொடுத்த படிவத்தில் இருந்த கேள்விக்கு வேர் இந்தக் காலத்தில்தான் இருக்கிறது. அரசாங்கப் பரிசையே எரித்தவர்கள் அம்மாவின் கொத்தை எறிந்ததில் ஆச்சரியம் என்ன?

அந்தக் கொத்தில் அவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள்? ஆசிய எலுமிச்சைத் தாவரப்பேன் என்று ஒரு பூச்சி. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, மூன்று நான்கு மில்லிமீட்டர். இலையில் உட்கார்ந்தால் தலையைக் கீழே வைத்து வாலைத் தூக்கி 45 டிகிரியில் நிற்கும், அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். இளந்தளிர் மடிப்பில்தான் முட்டையிடும். எலுமிச்சைக் குடும்பம் என்றால் அதற்குப் போதும், கறிவேப்பிலைத் தளிர் என்றால் விருந்து. நம்ம ஊர்க் கொல்லையிலும் இது உண்டு, தளிர் சுருண்டு பிசுபிசு என்று இருந்தால் இதன் வேலையாகவும் இருக்கலாம்.

பூச்சி மட்டும் என்றால் பரவாயில்லை. அது ஒரு பாக்டீரியாவைச் சுமந்து போகும். சீனாவில் ஹுவாங்லாங்பிங், அதாவது மஞ்சள் டிராகன் நோய் என்று பெயர். ஆரஞ்சு, எலுமிச்சை மரத்துக்கு வந்தால் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், பழம் கோணலாகிக் கசக்கும், பாதி பச்சையாகவே உதிரும். மரம் சில வருஷத்தில் போய்விடும். நோயை முழுதாகத் தீர்க்க மருந்து கிடையாது. கறிவேப்பிலைக்கு இதனால் பெரிய துன்பம் இல்லை. அது பூச்சிக்குச் சோறும் வீடும் கொடுத்து அனுப்பிவிடும், அடி வாங்குவது சொந்தக்காரர்கள்.

1998இல் இந்தப் பூச்சி ஃப்ளோரிடாவில் அகப்பட்டது. கறிவேப்பிலைக்கு ஒன்றுவிட்ட தங்கையான ஆரஞ்சு மல்லியை அங்கே வீடு வீடாக வேலிக்கு வைத்திருந்தார்கள், அதில் சுகமாக உட்கார்ந்துகொண்டது. நர்சரித் தொட்டிகளிலேயே ஏறி 2001இல் டெக்சாஸ் போனது. 2005இல் ஃப்ளோரிடாவில் நோயே வந்துவிட்டது. 2003-04 பருவத்தில் அந்த மாநிலத்தில் ஆரஞ்சு விளைச்சல் 24 கோடிப் பெட்டி, ஒரு பெட்டி சுமார் 41 கிலோ. 2022-23 பருவத்தில் 1.6 கோடிப் பெட்டிகூட முழுதாகத் தேறவில்லை. புயலும் பங்கு வகித்தது, தோட்டம் வீட்டுமனை ஆனதும் உண்டு. ஆனாலும் முதுகெலும்பை உடைத்தது இந்த நோய்தான். தலைமுறை தலைமுறையாக ஆரஞ்சு வைத்த குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் போயின.

கலிபோர்னியாவில் பூச்சியை முதலில் கண்டது 2008இல், சான் டியேகோ பக்கம். நான் காலுறைக்குள் கன்றை உருட்டிக்கொண்டு போனது அதற்கு அடுத்த வருஷம். 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ஹசியெண்டா ஹைட்ஸ் என்ற ஊரில் நோய் அகப்பட்டது. பெரிய தோட்டத்தில் இல்லை, ஒரு வீட்டுக் கொல்லை மரத்தில். 2017இல் ரிவர்சைடு நகரத்தில், அதுவும் ஒரு வீட்டு மரத்தில்தான்.

ரிவர்சைடு என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அக்கா வீடு அங்கிருந்து அரை மணி நேரம்.

அந்த ஊரில் ஒரு மரம் இருக்கிறது. 1873வாக்கில் எலைசா டிபெட்ஸ் என்ற பெண்மணிக்கு வாஷிங்டனிலிருந்து விவசாயத்துறை தோட்டக்கலைஞர் சாண்டர்ஸ் இரண்டு கன்று அனுப்பினார். பிரேசிலின் பாஹியாவிலிருந்து வந்த, விதையில்லாத, அடியில் தொப்புள் வைத்த ஆரஞ்சு. விதை இல்லாததால் ஒட்டுக் கட்டித்தான் பெருக்க முடியும். கலிபோர்னியாவின் தொப்புள் ஆரஞ்சுத் தொழில் முழுவதும் அந்த வீட்டு முற்றத்து மரங்களின் கிளைகளிலிருந்து வந்தது. அங்கே பரம்பரையாக ஒரு கதை சொல்வார்கள். எலைசா அம்மா அந்தக் கன்றுகளுக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றித்தான் காப்பாற்றினாராம்.

இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கழுநீரில் வளர்ந்த மரம். எங்க கொல்லை மரம் மாதிரி.

இரண்டாம் முறை போனபோது அந்த மரத்தைப் பார்க்கப் போனேன். மாக்னோலியா அவென்யூவும் ஆர்லிங்டன் அவென்யூவும் சேருகிற முக்கு, கார்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒன்றரை நூற்றாண்டு வயதான மரம் மெல்லிய வலைக்கூடாரத்துக்குள் நிற்கிறது. அந்த மூன்று மில்லிமீட்டர் பூச்சி உள்ளே போகாமல் இருக்க அந்தக் கூடாரம். வெளியே நின்று வலை வழியாக இலையைப் பார்த்தேன். என்ன சொல்வது, ஷூ கடித்தது.

என் கன்றில் பூச்சி முட்டை இருந்ததா? அக்கா தோட்டத்து எலுமிச்சைக்கு இதுவரை நோய் இல்லை, அதனால் நான் தப்பித்தேன். ஆனால் அது என் புத்திசாலித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். நம்மில் எத்தனை பேர், தாய்லாந்துக்காரர், வியட்நாம்காரர் எத்தனை பேர், அம்மா கொடுத்தார்கள் என்று இப்படி மடித்துக் கொண்டுபோயிருப்போம்? திருடும் எண்ணம் யாருக்கும் கிடையாது.

அக்கா வீட்டுக்கு ஒருநாள் விவசாயத்துறை ஆட்கள் வந்தார்கள். எலுமிச்சை மரத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினார்கள், கறிவேப்பிலையின் தளிரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். இந்தப் பகுதியிலிருந்து இலையோ கன்றோ வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ராத்திரி அக்கா போன் பண்ணினாள். "இது எங்கேருந்து வந்ததுன்னு கேட்பாங்களோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுதுடா." கேட்கவில்லை.

இன்றைக்கு அங்கே கறிவேப்பிலை வேண்டுமென்றால், சோதித்துச் சான்றிதழ் கொடுத்த நர்சரியில் கன்று வாங்கலாம். விலை அதிகம்தான், ஆனால் கிடைக்கிறது. ஜன்னலோரத் தொட்டியிலும் வரும், வெயில் இருந்தால் போதும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அம்மாவிடம் வேறு ஏதாவது கேளுங்க.

அக்காவுக்குக் கஷ்டமாக இருப்பது வேறு ஒன்று. அவள் தெருவில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் போன வருஷம் வடக்கே வீடு மாறிப் போனது. கிளம்பும்போது அந்தப் பெண் வந்து, "அக்கா, உங்க மரத்தடியில நிறைய கன்னு இருக்கே, ஒண்ணு தர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். கறிவேப்பிலையை இல்லை என்று சொல்லிப் பழக்கம் இல்லாத வீட்டுப் பெண் எங்க அக்கா. சட்டத்தைச் சொன்னாள், பூச்சியைச் சொன்னாள், ஃப்ளோரிடாவைச் சொன்னாள். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாளே தவிர, முகம் சுருங்கிப்போய்விட்டது.

மறுநாள் அக்கா இலையை உருவி, கழுவி, எண்ணெய் விடாமல் மொறுமொறு என்று வறுத்து, உளுத்தம்பருப்பு, மிளகு, கொஞ்சம் புளி சேர்த்துப் பொடி பண்ணினாள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய அடைத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் காரில் வைத்துவிட்டு வந்தாள்.